திரைக்குள் களிமண்ணே இல்லை; முகம் மட்டும் எப்படி உருவாகிறது?

கணினித் திரையில் ஓர் உருண்டை. மின்பேனாவால் இழுத்தால் மூக்கு எழுகிறது, அழுத்தினால் கண்குழி விழுகிறது. பிசைய எதுவும் இல்லாத இடத்தில் இது எப்படி?

கடலூர் துறைமுகத்தில் காயும் மீன்வலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முடிச்சைத் தூக்கினால் பக்கத்து முடிச்சுகளும் எழும். தள்ளிப்போகப் போக அந்த எழுச்சி குறையும். உருண்டையும் அப்படியொரு வலைதான். ஒவ்வொரு முடிச்சின் இடத்தையும் கணினி எண்களாக வைத்திருக்கிறது. பேனா பட்டதும் எண்களை மாற்றி, வெளிச்சமும் நிழலும் எங்கே விழும் என்று கணக்கிட்டு வரைகிறது. நம் கண் அதை மேடுபள்ளமாகப் பார்க்கிறது.

தாடைக்குப் பெரிய கண்ணிகள் போதும். இமை மடிப்புக்கு வலையைப் பொடியாகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே பிரித்தால் முகம் கரடுமுரடாகிவிடும். 1999இல் அறிமுகமான ஸீபிரஷ் என்ற மென்பொருள் இப்படிச் செதுக்குவதில் பெயர் பெற்றது. பிளெண்டர் என்ற இன்னொரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

வலக் கன்னத்தைச் செதுக்கினால் இடக் கன்னம் தானாக வரும் வசதியும் இவற்றில் உண்டு. ஆனால் சிதம்பரம் நடராசரைச் செய்து பாருங்கள்: வலக் காதில் மகர குண்டலம், இடக் காதில் தோடு! அங்கே அந்த வசதியை அணைத்தே ஆகவேண்டும்.

மனித முகமும் அப்படித்தான். இரு பாதியும் அச்சாக ஒன்றானால் பொம்மைக்களை வந்துவிடும். அதனால் தேர்ந்த கலைஞர்கள் கடைசியில் ஒரு புருவத்தைச் சற்றே ஏற்றிவிடுகிறார்கள்.