டூட்டிக்கு போற வழியில் விபத்து: நஷ்டஈடு உண்டா? ஒரே வரிக்கு கோர்ட்டு சொன்ன வேறு வேறு அர்த்தம்

அம்பத்தூர்:
காலை 6 மணி ஷிப்டை பிடிக்க, விடியறதுக்கு முன்னாடியே ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பைக்கில் பறக்கும் தொழிலாளர்கள் ஏராளம். கம்பெனிக்குள் மெஷினில் கை மாட்டினால் நஷ்டஈடு உண்டு. கேட்டுக்கு வெளியே, ரோட்டில் லாரி இடித்தால்?

இதற்கு பதில் சட்டத்தில் ஒரே ஒரு வரியில் இருந்தது. விபத்து "வேலையின் காரணமாகவும், வேலையின்போதும்" ஏற்பட்டிருக்க வேண்டும். 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்டஈடு சட்டத்திலும், 1948-ல் வந்த இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இதேதான். ரெண்டில் ஒண்ணு இருந்தா போதாது, ரெண்டும் இருக்கணும்.

சரி, வேலை எப்போ ஆரம்பிக்குது? பஞ்ச் அடிக்கும்போதா, வீட்டு வாசலை தாண்டும்போதா? அந்த வரியில் அது இல்லை. கோர்ட்டுதான் சொல்ல வேண்டியிருந்தது.

டிரைவருக்கு கிடைத்தது

மும்பை 'பெஸ்ட்' பஸ் டிரைவர் ஒருவர் டூட்டி முடிந்து பஸ்சை டெப்போவில் விட்டார். வேறொரு பஸ்சில் வீடு திரும்பும்போது விபத்தில் பலியானார். டிரைவர்கள் நேரத்துக்கு வந்து போகத்தான் இலவச பயணம் கொடுக்கப்பட்டது, அதனால் அந்த பயணமும் வேலையோடு சேர்த்திதான் என்று 1963-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

சைக்கிளில் வந்தவருக்கு இல்லை

கேரள தொழிலாளி ஒருவர் 1971-ல் மாலை 4.30 மணி ஷிப்டுக்கு சைக்கிளில் வந்தார். மணி 4.15. பேக்டரிக்கு இன்னும் 1 கிலோ மீட்டர்தான். லாரி மோதி எலும்பு முறிந்தது. மோதியது அவர் கம்பெனி லாரியேதான்! ஆனாலும், வேலைக்கு வருவது வேறு, வேலை செய்வது வேறு என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 25 வருஷம் போராடியும் இ.எஸ்.ஐ. பணம் இல்லை.

இதன்பிறகு சட்டத்தையே திருத்தினார்கள். வேலைக்கு போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தை வேலை விபத்தாக கருதும் 51-இ பிரிவு, 2010 ஜூன் 1 முதல் இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தது. ஆனால் 1923-ம் ஆண்டு சட்டத்தில் இந்த திருத்தம் இல்லை. இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் கதி?

அதிகாலை 3 மணி ஷிப்ட்

மராட்டியத்தில் சர்க்கரை ஆலை வாட்ச்மேன் ஒருவர், 2003 ஏப்ரல் 22-ந் தேதி அதிகாலை 3 மணி டூட்டிக்கு பைக்கில் போகும்போது, ஆலைக்கு 5 கி.மீ. முன்னால் பலியானார். மனைவி, 4 பிள்ளைகள், தாயாருக்கு முதலில் ரூ.3 லட்சத்து 26 ஆயிரத்து 140 கிடைத்தது. ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது.

2025 ஜூலை 29-ந் தேதி நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி.விஸ்வநாதன் அடங்கிய சுப்ரீம் கோர்ட்டு பெஞ்ச், அந்த பணத்தை கொடுக்க உத்தரவிட்டது. ரெண்டு சட்டமும் தொழிலாளியை காப்பாற்ற வந்தவை, வார்த்தையும் ஒன்று, எனவே அர்த்தமும் ஒன்றாகத்தான் இருக்கணும் என்றது. 22 வருஷம் ஆச்சு, பாவம்.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூக பாதுகாப்பு சட்டத் தொகுப்பிலும் பயண விபத்து இடம்பெற்றுள்ளது.

அதுக்காக ரோட்டில் எங்கே விழுந்தாலும் பணம்னு நினைச்சிடாதீங்க. நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு ஒட்டியிருக்கணும். அதனால் விபத்து எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நடந்ததுன்னு எப்.ஐ.ஆரில் சரியா பதிவாகி இருக்கான்னு பாருங்க. அன்னைக்கு எந்த ஷிப்ட் என்பதற்கு ஆதாரமும் கையில் வேணும்.