குதிகாலைப் பாருங்கள்: முதியோர் இல்லத்தின் தரம் தெரியும் இடம்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முதியோர் இல்லம் தேடிப் போகிறவர்களுக்கு நிர்வாகம் முதலில் சுற்றிக் காட்டுவது தோட்டத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும்தான். தரை பளபளக்கும், பூஜை அறை இருக்கும், டிவி ஓடிக்கொண்டிருக்கும். நடமாடுகிறவர்களுக்கு இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் பக்கவாதம் வந்தவர், மறதி நோய் முற்றியவர், இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டவர் ஆகியோரின் பொழுதெல்லாம் கட்டிலிலேயே கழிகிறது. இல்லத்தின் தரத்தை அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றுதான் அளக்க வேண்டும். தானாக எழ முடியாத, தண்ணீர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவும் முடியாத ஒருவரை அங்கே எப்படி வைத்திருக்கிறார்களோ, நாளை உங்கள் பெற்றோரையும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் அப்போதே பத்தில் ஒருவர் முதியவர். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் குடும்பங்களுக்கு இல்லம் ஒரு தேவையாகிவிட்டது. பெற்றோரை அங்கே சேர்ப்பதில் குற்றம் எதுவும் இல்லை. சேர்த்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

தோலில் தெரியும் கவனிப்பு

நீண்ட நேரம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். படுக்கைப்புண் அங்கேதான் தொடங்குகிறது. வால் எலும்புப் பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை, பின்மண்டை ஆகியவை அது வழக்கமாக வரும் இடங்கள்.

பார்க்கப் போகும்போது போர்வையை விலக்கி, காலுறையைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள். சிவந்திருக்கும் இடத்தை விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு மறுபடி சிவந்தால் அங்கே ரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் நிறம் மாறவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கூடுதலாகக் கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது நெடுநாள் வழக்கம். ஏர் பெட் வாங்கிப் போட்டாலும் புரட்டும் வேலை குறையலாமே தவிர, நின்றுவிடக் கூடாது. கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைக்க வேண்டும். ஈரமான டயப்பரை உடனே மாற்ற வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது. உள்ளே சதை மேலும் சேதமாகும். நல்ல இல்லத்தில் கட்டில் அருகே, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திருப்பினோம் என்று எழுதிய தாள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லா நேரத்துக்கும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

விழுவதும் கட்டிப்போடுவதும்

முதியவர்கள் அதிகம் விழுவது குளியலறைக்குப் போகும் வழியில்; அதிலும் இரவில். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே வெளிச்சம், சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை, கால் தரையில் பதியும் அளவுக்குத் தாழ்ந்த கட்டில் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தூக்க மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் எழுந்தவுடன் தலைசுற்ற வைக்கும். படுக்கையிலிருந்து எழுந்ததும் சற்று நேரம் உட்கார வைத்து, பிறகு நிற்க வைப்பது உதவியாளர்களின் பழக்கமாக இருக்க வேண்டும்.

விழுந்துவிடுவார் என்ற பயத்தில் கையையோ இடுப்பையோ கட்டிலோடு கட்டிவைப்பது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. இது பாதுகாப்பு ஆகாது. கட்டப்பட்டவர் திமிறுவார், துணி கழுத்தில் சிக்கும், தசை சுருங்கும், படுக்கைப்புண் வரும், மனம் உடைந்துபோகும். கட்டிலின் உயரமான தடுப்புக் கம்பியும் அப்படித்தான். குழம்பிய நிலையில் இருப்பவர் அதன்மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார். அமெரிக்காவில் 1987-இல் வந்த முதியோர் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம், ஒழுங்குபடுத்துவதற்காகவோ பணியாளர்களின் வசதிக்காகவோ யாரையும் கட்டிவைக்கக் கூடாது என்பதை அங்கே வாழ்வோரின் உரிமையாகவே ஆக்கியது. நம் ஊர் இல்லங்களிடமும் அதை நாம் எதிர்பார்க்க வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும். கேட்டால் கொடுப்போம் என்று இருந்தால் அவர்கள் கேட்கவே மாட்டார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் டம்ளர் இருக்கிறதா, அதைத் தானாக எடுத்துக் குடிக்க முடியுமா, முடியாதவருக்கு யார் ஊட்டுகிறார்கள் என்பது முக்கியம். இதயம், சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு மட்டும் தண்ணீரின் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

படுத்த வாக்கில் கஞ்சி ஊற்றுவது பெரிய தவறு. உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு கரண்டியாக, விழுங்கியபின் அடுத்த வாய் என்று ஊட்ட வேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது சாய்க்காமல் வைத்திருக்க வேண்டும். பல்லையும் நாக்கையும் தினமும் துலக்கிவிட வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கான வாயில் வளரும் கிருமிகளும் நுரையீரலுக்கு இறங்குகின்றன.

மாதம் ஒருமுறை எடை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம் எடை குறைந்தால், 50 கிலோ உள்ளவருக்கு இரண்டரை கிலோ, காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

மாத்திரைப் பெட்டி

ஒரு மருத்துவர் சர்க்கரைக்கு, இன்னொருவர் இதயத்துக்கு, வேறொருவர் தூக்கத்துக்கு என்று எழுதிக் கொடுத்தவை சேர்ந்து பலருக்குத் தினம் பத்து மாத்திரை ஆகிவிடுகிறது. ஒருவர் ஐந்துக்கு மேல் சாப்பிட்டாலே மொத்தப் பட்டியலையும் ஒரே மருத்துவர் பார்த்து, தேவையற்றதை நிறுத்த வேண்டும். சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தாமதித்தால் லோ சுகர் வந்து உயிருக்கே ஆபத்தாகும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது.

சத்தம் போடும் மறதி நோயாளியை அமைதிப்படுத்த மனநோய் மருந்துகளைக் கொடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இவை மறதி நோயுள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. அவர் கத்துவதற்கு வலி, மலச்சிக்கல், அடைபட்ட சிறுநீர், பசி என்று ஏதாவது காரணம் இருக்கலாம். அதை முதலில் தேட வேண்டும்.

திடீர் மாற்றம் என்றால் உடனே மருத்துவர்

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை மாற்றிச் சொல்கிறார், அல்லது எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால், “வயசாச்சு, அப்படித்தான்” என்று விடக் கூடாது. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புது மருந்து ஆகியவை முதுமையில் இப்படித்தான் வெளிப்படும். காய்ச்சலே இல்லாமலும் கடுமையான தொற்று இருக்கலாம். இதை முதலில் கவனிக்கக்கூடியவர் தினமும் குளிப்பாட்டி உடை மாற்றும் ஆயாதான். அவர் சொன்னால் நர்ஸ் காது கொடுக்கிறாரா, இரவானாலும் மருத்துவரை அழைக்கிறார்களா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

எனவே தவறாமல் கேட்க வேண்டியது, “ராத்திரி எத்தனை பேர் டியூட்டியில் இருப்பார்கள்? அதில் பயிற்சி பெற்ற நர்ஸ் யார்?” என்பது. முப்பது பேருக்கு இரவில் ஒரே ஓர் உதவியாளர் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எல்லோரையும் புரட்டிப் படுக்க வைக்க முடியாது. அவருக்குப் போதிய சம்பளமும் ஓய்வும் கொடுக்காத இல்லத்தில் கவனிப்பு நிலைக்காது.

சட்டமும் உதவியும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. பராமரிக்கக் கடமைப்பட்டவர் முதியவரைக் கைவிடுவதை அது தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. இல்லத்தில் சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். புறக்கணிப்போ துன்புறுத்தலோ தெரிந்தால் மாவட்ட ஆட்சியரிடமோ மாவட்டச் சமூக நல அலுவலரிடமோ புகார் கொடுக்கலாம். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. மாத்திரைப் பட்டியலைச் சரிபார்க்கவும், விழுதல், மறதி போன்ற சிக்கல்களுக்கும் சென்னை கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையத்தை அணுகலாம்.

பணம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சொல்லாமல் போய்ப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, இரவு ஏழு மணிக்கு மேல் ஒருமுறை. நீங்கள் தூரத்தில் இருந்தால் உறவினரையோ நண்பரையோ அனுப்புங்கள். குதிகால், டம்ளர், எடைக் குறிப்பு, மாத்திரைப் பட்டியல் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலில் யாரும் வந்து பார்க்காத ஒருவர் இருப்பார். அவருக்கும் சேர்த்துக் கேள்வி கேளுங்கள்.