உஷார்! டி.டி.எஸ். பாட்டை அப்படியே காரில் போடாதீர்கள்

ஹோம் தியேட்டரில் கேட்டு மயங்கிய 5.1 (ஆறு சானல்) பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக் காரில் கேட்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த ஃபைல் எந்த வகை என்று தெரியாமல், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை பிளே செய்யவே செய்யாதீர்கள்.

வில்லங்கம் டி.டி.எஸ். சிடிகளில் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் வரத் தொடங்கியவை இவை. சாதாரண ஆடியோ சிடியில் இரண்டு சானலுக்குத்தான் இடம். அந்த இடத்துக்குள்ளேயே ஆறு சானல் ஒலியையும் சுருக்கிப் பொதிந்து வைத்தார்கள். அந்த சிடியைக் கம்ப்யூட்டரில் ரிப் செய்தால் கையில் கிடைப்பது ஒரு வேவ் ஃபைல். ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் ஸ்டீரியோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 1411 கேபிபிஎஸ். நிமிடத்துக்குப் பத்து எம்பிக்குச் சற்று மேல். மற்ற வேவ் பாட்டுகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட வெளியே எந்த அடையாளமும் இல்லை.

டி.டி.எஸ். தெரிந்த ரிசீவர் அதை ஆறு சானலாகப் பிரித்துப் பாட வைக்கும். பெரும்பாலான கார் ஸ்டீரியோக்களுக்கு அந்த வித்தை தெரியாது. பொதிந்து வைத்த தரவையே ஒலி என்று நினைத்து ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். கேட்பது 'ஷ்ஷ்ஷ்...' என்று இடைவெளியே இல்லாத இரைச்சல். முந்தைய பாட்டு மெதுவாக இருக்கிறதே என்று வால்யூமைக் கூட்டி வைத்திருப்பீர்கள். நெடுஞ்சாலையில், லாரிக்குப் பக்கத்தில் போகும்போது அந்த இரைச்சல் காதில் அறைந்தால் கை ஸ்டீயரிங்கில் இருக்குமா, வால்யூமைத் தேடுமா? ஸ்பீக்கருக்கும் ஆபத்துதான். இசையில் உச்ச அதிர்வெண்களின் பங்கு குறைவு. அந்தக் கணக்கை வைத்துத்தான் சின்ன ட்வீட்டரைச் செய்கிறார்கள். இந்த இரைச்சலிலோ எல்லா அதிர்வெண்ணும் ஏறக்குறைய சரிசமமாக நிரம்பியிருக்கிறது. சத்தமாக ஓடவிட்டால் ட்வீட்டர் கருகிப்போகலாம்.

இதைவிட மோசமானது கன்வெர்ட் செய்யும்போது நடப்பது. கார்தான் எம்பி3 பாடுமே என்று அந்த வேவை நேராக எம்பி3 ஆக்குகிறார்கள். காதுக்குத் தெரியாது என்று தோன்றும் விவரங்களைக் கழித்துவிட்டு அளவைக் குறைப்பது எம்பி3-யின் வேலை. டி.டி.எஸ். தரவிலோ ஒவ்வொரு பிட்டும் வேண்டும். ஆகவே அந்த எம்பி3-யில் மிஞ்சுவது வெறும் இரைச்சல். வீட்டு ரிசீவரில் போட்டாலும் பாட்டு திரும்ப வராது. எடிட்டரில் திறந்து சத்தத்தைத் துளி கூட்டினாலும், சாம்பிள் ரேட்டை மாற்றினாலும் இதே கதிதான். இடம் மிச்சமாகட்டும் என்று ஒரிஜினலையும் அழித்துவிட்டால் தொலைந்தது. தயவுசெய்து அழிக்காதீர்கள். ஃப்ளாக் ஆக்கினால் மட்டும் உள்ளே இருக்கும் டி.டி.எஸ். பிழைத்துக்கொள்ளும், ஆனால் காரில் அப்போதும் இரைச்சல்தான் கேட்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் ஃபைலைத் திறந்து பாருங்கள். பாட்டு என்றால் அலை ஏறும், இறங்கும், பல்லவிக்கு முன் கொஞ்சம் அடங்கும். டி.டி.எஸ். என்றால் முதல் நொடியிலிருந்து கடைசி வரை செங்கல் அடுக்கினாற்போல ஒரே உயரம். பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளும் உள்ளே இருப்பது எது என்று காட்டிக்கொடுக்கும்.

டி.டி.எஸ்-ஸைச் சரியாக டீகோட் செய்து ஆறு சானலாகப் பிரித்தாகிவிட்டது என்றாலும் ஆபத்து முழுசாக விலகிவிடவில்லை. 5.1 கலவையில் படத்தின் வசனமும், பல பாட்டுகளில் பாடகரின் குரலும் நடு சானலில்தான் இருக்கும். ஸ்டீரியோவாக மாற்றும்போது சில கன்வெர்ட்டர்கள் முன் இடது, முன் வலது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிடும். வயலின் கேட்கும், தபேலா கேட்கும், பாடியவரைக் காணோம்! காரில் ஸ்பீக்கர் பழுது என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

எல்லா சானலையும் சேர்த்தால் வேறொரு தொல்லை. வழக்கமான முறையில் நடு சானலையும் பின் சானலையும் சுமார் 0.7 மடங்காகக் குறைத்து முன் சானலுடன் கூட்டுவார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால் கூட்டுத்தொகை 2.4 மடங்கு, அதாவது ஏழரை டெசிபலுக்கு மேல் வழிந்துவிடும். முன்கூட்டியே அளவைக் குறைக்காவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டு, கோரஸ் வரும் இடமெல்லாம் கரகரக்கும். ஒருமுறை வெட்டுப்பட்டதைப் பிறகு வால்யூமைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. சப்வூஃபர் சானல் இந்தக் கலவையில் பெரும்பாலும் விடுபடும். அதற்குப் பதற வேண்டாம், பாட்டின் பாஸ் பெரும்பகுதி மற்ற சானல்களிலேயே இருக்கும்.

எனவே வரிசை முக்கியம். முதலில் டி.டி.எஸ்-ஸை ஆறு சானலாகப் பிரிக்க வேண்டும், அடுத்து அளவைக் குறைத்து இரண்டாகக் கலக்க வேண்டும், அதற்கப்புறம்தான் எம்பி3-யோ ஃப்ளாக்கோ. எஃப்எஃப்எம்பெக் இதை இலவசமாகவே செய்து தரும். இதற்காகக் கிராக் செய்த கன்வெர்ட்டரைத் தேடிப்போய் வைரஸை வாங்கி வராதீர்கள். புளூடூத்தில் அனுப்பினால் 5.1 கேட்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்களில் பாட்டுக்குப் பயன்படும் புளூடூத் இணைப்பு ஸ்டீரியோவை மட்டுமே சுமக்கும்.

மாற்றிய பாட்டுகளை வண்டி நிற்கும்போது, வால்யூமை அடியில் வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். குரல் தெளிவாக வருகிறதா, கோரஸில் கரகரப்பு உண்டா என்று கவனியுங்கள். இரைச்சல் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, பழகிய எம்பி3 பாட்டு ஒன்றைப் போடுங்கள். அது நன்றாகப் பாடினால் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. கடைக்காரர் ஸ்பீக்கரை மாற்றச் சொன்னாலும் மாற்றாதீர்கள்.