ரோபோ வேக்யூம் க்ளீனர் வாங்கலாமா? முதல்ல ஒரு ஸ்கேலை எடுங்க!

அம்மாவுக்கு முட்டி வலி. ``குனிஞ்சு வீடு கூட்டுறதைக் கொஞ்சம் குறைங்க''னு டாக்டர் சொல்லிட்டார். உடனே பாசக்கார பிள்ளையா, ஆறு மாச இ.எம்.ஐ-ல ஒரு ரோபோ வேக்யூம் க்ளீனர் வாங்கிட்டேன்.

முதல் நாள். ஹாலை அழகா சுத்தம் செஞ்ச ரோபோ, பெட்ரூம் நிலைப்படி வரைக்கும் போய் முட்டிட்டுத் திரும்பி வந்தது. அடுத்து சார்ஜர் ஒயரை இழுத்தது. கடைசியா, கீழே கிடந்த பூச்சரத்து நாரைச் சுத்திக்கிட்டு நின்னே போச்சு. ``இதுக்கு வழி விடவே நான் நாலு தடவை குனியணும் போலயே!'' என்றார் அம்மா.

எத்தனையோ ரிவ்யூ வீடியோ பார்த்துதான் வாங்கினேன். ஆனா அம்மா சொன்ன இந்த ஒரு வரி எதிலும் இல்லை.

இது எப்படி வேலை செய்யுது?

2001-ல் எலக்ட்ரோலக்ஸின் `ட்ரைலோபைட்', 2002-ல் ஐரோபாட்டின் `ரூம்பா' என வீட்டுக்கான ரோபோ க்ளீனர்கள் விற்பனைக்கு வந்தன. ஆரம்ப கால ரூம்பா, சுவரில் முட்டி முட்டித் திசை மாறும். இப்போதுள்ள பல மாடல்களின் தலையில் `லைடார்' சுழல்கிறது. லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து தூரத்தைக் கணக்கிட்டு, வீட்டுக்கே ஒரு மேப் போட்டுவிடும். பக்கத்து பிரஷ் தூசியை உள்ளே தள்ள, மோட்டார் அதை உறிஞ்சி சின்ன டப்பாவில் சேர்க்கும். படிக்கட்டில் விழாமல் இருக்க, அடிப்பகுதியில் சென்சார்கள் உண்டு. சில மாடல்களில் இந்த சென்சார், கறுப்புத் தரையையும் கறுப்பு மிதியடியையும் `பள்ளம்'னு நினைச்சு ஒதுங்கிப் போறதும் நடக்கும்.

எதில் கில்லி, எதில் சொதப்பல்?

தினசரி தூசி, தலைமுடி, நாய் பூனை முடி... இதில் கில்லி. கட்டிலுக்கு அடியில் நம்ம துடைப்பம் எட்டாத இடத்துக்கும் போகும். ஆனால், வட்டமான உடம்பு என்பதால் மூலைகளில் கொஞ்சம் தூசி மிச்சமிருக்கும். படிக்கட்டு ஏறாது. தரையில் கொட்டிய தண்ணீரை உறிஞ்சவிட்டால் மோட்டார் காலி. `மாப்' வசதி இருந்தாலும், பல மாடல்களில் அது ஈரத்துணியை இழுத்துக்கிட்டுப் போறதுதான். காய்ந்துபோன சாம்பார் கறைக்குக் கைதான் வேணும்.

வாங்கும் முன் 4 டெஸ்ட்

1. நிலைப்படி: ஸ்கேலை வைத்து அளந்து பாருங்க. பெரும்பாலான மாடல்கள் சுமார் 2 செ.மீ உயரம் வரைதான் ஏறும். அதைவிட உயரம்னா, ஒவ்வொரு அறைக்கும் நீங்கதான் தூக்கிட்டுப் போகணும்.

2. கட்டிலின் அடி: லைடார் மாடல்கள் ஏறத்தாழ 10 செ.மீ உயரம் இருக்கும். கட்டில், சோபாவுக்குக் கீழே அதைவிட அதிக இடைவெளி இருக்கா?

3. தரை: ஒயர், சாக்ஸ், பொம்மை, நூல் எல்லாம் தரையிலேயே கிடக்கிற வீடா? அப்போ முதல் செலவு ரோபோ இல்லை, ஒரு ஷெல்ஃப்.

4. பராமரிப்பு: டப்பாவைக் கொட்டணும், பிரஷ்ஷில் சிக்கிய முடியை வெட்டி எடுக்கணும், ஃபில்டரைத் தட்டணும், மாப் துணியை அலசணும். இதை யார் செய்வாங்க? பதில் `அம்மா'ன்னா, வேலையைக் குறைக்கலை, மாத்திவிட்டிருக்கீங்க.

பட்ஜெட்டும் பாதுகாப்பும்

ஓரளவு நல்ல மாடல்கள் ஏறத்தாழ 15,000 ரூபாயில் தொடங்குகின்றன. தூசியைத் தானே கொட்டிக்கொள்ளும் `டாக்' இருந்தால் விலை நல்லாவே ஏறும். விளம்பரத்தில் வரும் `பாஸ்கல்' எண்ணை மட்டும் பார்த்து மயங்காதீங்க. பிரஷ், ஃபில்டர், பேட்டரி தனியா கிடைக்குதா, உங்க ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கா என்பதுதான் முக்கியம்.

கேமரா உள்ள மாடல் என்றால் கூடுதல் கவனம். 2024-ல் அமெரிக்காவின் சில நகரங்களில் ரோபோ வேக்யூம்கள் ஹேக் செய்யப்பட்டு, அவற்றின் ஸ்பீக்கரிலிருந்தே வீட்டில் இருந்தவர்களைத் திட்டிய சம்பவம் நடந்தது. ஸ்ட்ராங்கான பாஸ்வேர்டும், ஆப் அப்டேட்டும் அவசியம். மேப் போட லைடாரே போதும், கேமரா கட்டாயமில்லை.

அப்போ, வாங்கலாமா?

டைல்ஸ் தரை, நிலைப்படி இல்லாத ஃப்ளாட், செல்லப்பிராணி, இருவரும் வேலைக்குப் போகும் வீடு, குனிய முடியாத பெரியவங்க... இதில் ரெண்டு பொருந்தினாலே தாராளமா யோசிக்கலாம். உயரமான நிலைப்படியும் சாமான் நிறைந்த அறைகளும் உள்ள வீடுன்னா, நீளக் கைப்பிடி வெச்ச ஒரு துடைப்பமும் மாப்பும் போதும். செலவும் சில நூறு ரூபாய்தான்.

எங்க வீட்டில் என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? ஆபீஸ் கிளம்பும் முன் ஒயர்களை எடுத்துக் கட்டி வைக்கிறது, ரோபோவை நிலைப்படி தாண்டித் தூக்கி வைக்கிறது, ராத்திரி டப்பாவைக் கொட்டுறது எல்லாம் இப்போ என் வேலை. கிச்சனுக்கு இன்னமும் துடைப்பம்தான். அதுவும் என் கையில்தான். அம்மா மட்டும் குனியறதில்லை.

இந்தப் பத்து நிமிஷ வேலைக்கு உங்க வீட்டில் ஆள் இருந்தா, ரோபோவுக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.