மூச்சும் பாட்டும்

உணவின்றிச் சில வாரங்கள் வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் வாழலாம். மூச்சின்றிச் சில நிமிடங்களே வாழ முடியும். ஆகவேதான் நம் மக்கள் தமக்கு மிகவும் அருமையானதை 'உயிர்மூச்சு' என்கின்றனர். "மூச்சுக்கு முந்நூறு தடவை உன் பேச்சுத்தான்" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா? இந்த வீட்டு வழக்கே திரைப்பாடல்களிலும் புகுந்தது. தாயைப் பாடினாலும் தாய்மொழியைப் பாடினாலும் கவிஞர்கள் மூச்சையே துணைக்கு அழைக்கின்றனர்.

பாட்டு மூச்சைப் பற்றிப் பேசுவது மட்டுமன்று. பாட்டே மூச்சினால் ஆனதுதான். உந்தியிலிருந்து எழும் காற்றே எழுத்தொலியாகிறது என்று தொல்காப்பியர் அன்றே கூறினார். நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல் நாண்களை அதிரச் செய்வதால் ஒலி பிறக்கிறது என்று இன்றைய விஞ்ஞானம் விளக்குகிறது. அமைதியாக இருக்கும்போது நாம் ஒரு மூச்சில் இழுப்பது ஏறக்குறைய அரை லிட்டர் காற்றே. பாடகரோ அதைவிட மிகுதியாக, விரைந்து இழுத்து, மாதச் சம்பளத்தைச் செலவிடும் தாயைப் போலச் சிறுகச் சிறுகச் செலவிடுகிறார்.

வயலில் நடவுப் பாட்டுப் பாடும் பெண்களுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். ஒருத்தி முன்பாட்டுப் பாட, மற்றவர் பின்பாட்டுப் பாடுவர். ஒருவர் பாடும்போது மற்றவர் மூச்சு வாங்கிக்கொள்வர். வேலையும் நிற்காது, பாட்டும் நிற்காது.

1990 இல் வெளிவந்த 'கேளடி கண்மணி' படத்தில் இளையராஜாவின் இசையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலொன்றில், சரணம் முழுவதும் மூச்சு எடுக்கும் ஓசையே கேட்காது. கேட்டவர் அனைவரும் வியந்தனர். அவரே 2020 இல் கொரோனா நோயுற்று, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு பல நாட்கள் போராடி, செப்டம்பர் 25 அன்று மறைந்தார். பாடல்கள் ஏன் மூச்சை இவ்வளவு போற்றுகின்றன என்பதை அந்நாட்களில் நாடே உணர்ந்தது.

தோழியரே! மூச்சு விடாமல் பாடுவது வியப்பு. உரிய இடத்தில் மூச்சு எடுப்பதே கலை. சொல்லின் நடுவே மூச்சு வாங்கினால் பொருள் சிதையும். ஆதலின் ஆலயத்தில் பாடும் நாம், எங்கே மூச்சு எடுப்பது என்பதை முன்னரே தீர்மானித்துப் பழகுவோம். மண்ணால் உருவாக்கிய மனிதனின் நாசியில் கடவுள் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்க நூல் கூறுகிறது. அவர் தந்த மூச்சை, அவர் புகழ் பாடும் பாட்டாக்கித் திருப்பித் தருவோம்!