ரவுட்டர் பட்டியலில் ஒரு புதுப் பெயர்

பெங்களூரில் லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டிய சந்துகளில் வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒரு வீட்டு வைஃபை அடுத்த வீட்டுச் சமையலறை வரை எட்டும். இங்கே ஒருவர் ரவுட்டரின் ஆப்பைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் ‘எஸ்பிரெசிஃப்’ என்று ஒரு பெயரைப் பார்த்தால், முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுப் பையன் மேல்தான் விழும். பெரும்பாலும் அந்தப் பையனுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது.

எஸ்பிரெசிஃப் ஷாங்காயில் உள்ள ஒரு சிப் நிறுவனம். மலிவான அதன் வைஃபை சிப்புகள் ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் என்று எதெதிலோ உட்கார்ந்திருக்கின்றன. பெட்டியில் அச்சிட்ட பிராண்டு ஒன்று, உள்ளே இருக்கும் சிப் இன்னொன்று. ரவுட்டருக்குப் பல நேரங்களில் இரண்டாவதுதான் தெரியும்.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு மேக் முகவரி உண்டு. எழுதினால் 12 குறிகள். வழக்கமாக முதல் ஆறு குறிகளை ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியாளர் அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கித் தருகிறது; மீதி ஆறை நிறுவனமே கருவிக்குக் கருவி மாற்றிக்கொள்ளும். ரவுட்டர் அந்த முதல் பாதியை ஐ.ஈ.ஈ.ஈ. பட்டியலோடு ஒப்பிட்டு, அகப்பட்ட பெயரைத் திரையில் போட்டுவிடுகிறது. ‘ஹோன் ஹாய்’ என்று ஒரு பெயர் வந்து மிரட்டும். அது வேறு யாருமல்ல, ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் வேறு பிராண்டு லேப்டாப்பும் இருக்கலாம், வீடியோ கேம் பெட்டியும் இருக்கலாம்.

இந்த முதல் பாதியையும் இப்போது நம்ப முடிவதில்லை. 2013இல் லண்டன் நடைபாதையில் விளம்பரத் திரையோடு வைக்கப்பட்டிருந்த குப்பைத் தொட்டிகள், கடந்து போகிறவர்களின் போன்களுடைய மேக் முகவரியைக் குறித்துக்கொண்டிருந்தது வெளிவந்தது. நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. இப்படிப்பட்ட பின்தொடர்தலைத் தடுக்க, 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. அதனால் சொந்த மகளின் போனே அப்பாவின் ரவுட்டரில் ‘அறியாத கருவி’யாக நிற்கும். பொய் முகவரியைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி: முகவரியின் இரண்டாவது குறி 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்த எண் அல்ல. பெரும்பாலும் அது ஒரு போனாகவோ டேப்லெட்டாகவோ இருக்கும்.

அதற்கு மேல் துப்பு வேண்டுமென்றால் என்மேப் இருக்கிறது. கார்டன் லயன் 1997இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. ஒரு கருவியில் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்லும். 9100 திறந்திருந்தால் அநேகமாக பிரிண்டர். 554 என்றால் கேமராவாக இருக்க வாய்ப்பு அதிகம். இவ்வளவு மெனக்கெட விரும்பாதவர்கள் ரவுட்டர் ஆப்பில் அந்தக் கருவியை ‘பிளாக்’ செய்துவிட்டு, வீட்டில் யார் கத்துகிறார்கள் என்று காது கொடுக்கலாம். இதைவிட நம்பகமான சோதனை இன்னும் வரவில்லை.

யாருமே கத்தாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடத்தில் 2018 ஏப்ரலில் அப்படித்தான் ஒன்று தெரியவந்தது. அனுமதியில்லாமல் மாட்டப்பட்டிருந்த, உள்ளங்கை அளவேயான ராஸ்பெரி பை கணினி ஒன்றின் வழியாக ஊடுருவியவர்கள் சுமார் 10 மாதம் யார் கண்ணிலும் படாமல் உலாவி, 23 கோப்புகளில் ஏறக்குறைய 500 எம்பி தகவலை எடுத்துப் போனார்கள். கருவிகளின் பதிவேடு முழுமையாக இல்லை என்று 2019 ஜூனில் நாசாவின் தணிக்கை அறிக்கை குறை சொன்னது. விண்கலங்களோடு பேசும் கூடத்திலேயே இந்தக் கதி.

வீடுகளைப் பொறுத்தவரை, அந்நியக் கருவியைவிட ஆபத்தானது பட்டியலைக் காட்டும் ரவுட்டரேதான். 2017 ஜூலையில் கர்நாடகம் உட்படப் பல இடங்களில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. சுமார் 60,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. ‘பிரிக்கர்பாட்’ என்ற நச்சு நிரலை எழுதியவர் அது தன் வேலை என்று உரிமை கொண்டாடினார். அடிபட்டவை தொழிற்சாலை வைத்த ‘அட்மின்’ பாஸ்வேர்டு மாற்றப்படாமலே கிடந்த மோடம்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு என்பது இன்றும் பலருக்குத் தெரியாது. பெங்களூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாடியில் குடியிருந்தவர் காலி செய்து கம்மனஹள்ளிப் பக்கம் போயிருப்பார்; அவர் போனில் பழைய வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றுவதே நல்லது. மாற்றியதும் எல்லாக் கருவிகளும் ஒரேயடியாக வெளியே விழும். திரும்பச் சேர்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் ‘கூடத்து பல்பு’, ‘அம்மா போன்’ என்று ஆப்பில் பெயர் வைத்துவிடலாம். பல்பு, கேமரா வகையறாக்களுக்கு ‘கெஸ்ட்’ இணைப்பு போதும். மொட்டைமாடிக் கேமராவுக்கு மட்டும் ஏணி வைத்து ஏறி ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும்.