கன்ட்ரோல் போனாலும் விமானத்தை இறக்க முடியுமா? நாசா செய்துகாட்டியது எப்படி?

1989 ஜூலை 19. அமெரிக்காவில் பறந்துகொண்டிருந்த யுனைடெட் 232 விமானத்தின் வால் இன்ஜின் உடைந்து சிதறியதில், மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போச்சு. திருப்பவோ, ஏற்றி இறக்கவோ வழியில்லை. இறக்கைகளில் இருந்த 2 இன்ஜின்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே பைலட்டுகள் சூ சிட்டி வரை கொண்டுவந்தனர். தரையில் மோதிய விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தனர்.

இன்ஜினை வைத்து எப்படித் திருப்புவது?

இடது இன்ஜினுக்கு விசை கூட்டினால் விமானம் வலப்பக்கம் திரும்பும். இரண்டுக்கும் கூட்டினால் மூக்கு மேலே எழும்.

அப்புறம் என்ன சிக்கல்?

த்ராட்டிலைத் தள்ளினாலும் இன்ஜின் வேகமெடுக்க சில விநாடி ஆகும். அதற்குள் விமானம் ஏறி இறங்கி ஆட ஆரம்பித்துவிடும். கையால் சமாளிப்பது ரொம்பக் கஷ்டம்.

நாசா என்ன செய்தது?

அந்த வேலையை கம்ப்யூட்டரிடம் கொடுத்தது. எந்தப் பாதையில் போகணும் என்று பைலட் சொன்னால் போதும். விமானத்தின் அசைவை விடாமல் கவனித்து, ஒவ்வொரு இன்ஜினின் விசையையும் அதுவே மாற்றிக்கொண்டிருக்கும். 1993-ல் எஃப்-15 போர் விமானமும், 1995-ல் எம்டி-11 பயணிகள் விமானமும் சோதனையில் இப்படித்தான் தரையிறங்கின.

எம்டி-11-ல் மாற்றியது சாஃப்ட்வேரை மட்டும்தான். ஆனாலும், பயணிகள் விமானங்களில் இந்த வசதி வழக்கத்துக்கு வரவில்லை.